மூன்றாம் பெட்டியில் ஒன்பது பேர்

அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. அதற்குமேல் எண்ணிக்கை நகரவில்லை. பிலோமினாவின் கண் லென்ஸின் கீழேதான் இருந்தது, கை பிளேடைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, காது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டது. மாடிக் கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள். பதினொன்றரைக்கு அங்கே சபுராவுக்கு வைவா; வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்வாள், எல்லோரும் கை தட்டுவார்கள், அவள் டாக்டர் சபுரா ஆகிவிடுவாள். சரி, மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்று, இரண்டு. வாழைப்பழமும் வெல்லமும் பார்லியும் ஈஸ்டும் போட்டுக் காய்ச்சி இறுக ஆறவைத்த கூழ், அதன்மேல் ராத்திரியெல்லாம் பழ ஈக்கள் இட்டு வைத்த முட்டைகள், பொடி ரவை மாதிரி, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு கொம்பு. கூழைக் கீற்றாக அரிந்து எழுபது முட்டைக்கு ஒரு குப்பி, பெட்டிக்கு இருபது குப்பி, மதியத்துக்குள் முடிக்காவிட்டால் முட்டை பொரிந்து புழு நெளிய ஆரம்பித்துவிடும், அப்புறம் எண்ணுவதாவது ஒன்றாவது. பத்தொன்பது வருஷமாக அவள் இந்தப் பல்கலைக்கழகத்தில் செய்கிற வேலை இது. "ஊரே ஈயை ஓட்டுது, எங்க அண்ணி மட்டும் ஈயை வளக்குது" என்று நாத்தனார் லால்குடியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஒன்பது, பத்து. ஒன்பது என்ற எண் வருகிறபோதெல்லாம் எட்டிலிருந்து பத்துக்குத் தாவினால் தேவலை போலிருக்கிறது. மாதா, இன்றைக்கு ஒரு நாள் போய்விடட்டும். இன்றோடு எட்டாவது நாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று சொல்லி வைத்தவன் யாரோ, அவன் நாசமாய்ப் போக, ஒரு பத்து நாள் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்.

லென்ஸின் கீழே இருப்பவை மூன்றாம் பெட்டியின் முட்டைகள். மொத்தம் ஐந்து பெட்டி, ஐந்து கூட்டம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே கூட்டமாக இருந்த ஈக்களை இந்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் வைத்தீஸ்வரன் சார்தான் ஐந்தாகப் பிரித்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஈக்களைச் சோறில்லாமல் தண்ணீரை மட்டும் காட்டிப் போட்டுவிடுவது. நாலில் மூன்று பங்கு செத்ததும் மிச்சத்துக்குக் கூழ் கொடுத்து முட்டையிட வைப்பது. அந்த முட்டையிலிருந்து வருவதை மறுபடி பட்டினி போடுவது. பஞ்சத்தைத் தாங்குகிற உடம்பு தலைமுறை தலைமுறையாக எப்படி உருவாகிறது, ஐந்து கூட்டமும் ஒரே வழியில் போகிறதா ஆளுக்கொரு வழியில் போகிறதா, இதுதான் கேள்வி. தண்ணீருக்காகக் குப்பி அடியில் ஊற்றுவது அகர், அதாவது கடல்பாசி. சபுரா வந்த முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்து, "அய்யோ அக்கா, இதத்தான் எங்க வீட்ல நோம்புக்கு இனிப்பு போட்டுக் கிண்டுவோம்" என்றாள். ஐந்து வருஷம் ஆகிறது. அந்தச் சபுராதான் ஐந்து கூட்டத்தின் மரபணுவையும் எடுத்துப் பார்த்து, மற்ற மூன்றும் வெவ்வேறு பக்கம் போயிருக்க, மூன்றாம் பெட்டியும் நான்காம் பெட்டியும் மட்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் அச்சு அசலாக ஒரே மாற்றத்தைக் கண்டுபிடித்துக்கொண்டன என்று எழுதியிருக்கிறாள். இயற்கை ஒரு முறை போட்ட கணக்கை மறுபடியும் போட்டு அதே விடைக்கு வந்திருக்கிறது என்று சார் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார். இதற்குமுன் சாருக்குப் பூரிப்பு வந்து பிலோமினா பார்த்ததில்லை, அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குளிரெடுக்கிறது. இருபத்தாறு, இருபத்தேழு. போன செவ்வாய்க்கிழமை சபுரா இதே முக்காலியில் உட்கார்ந்து அவளுடைய டப்பாவிலிருந்து மத்தி மீன் துண்டு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "மூணும் நாலும் எப்பவாவது கலந்திருக்க வாய்ப்பிருக்கான்னு கேட்டுத் தேர்வாளர்கிட்டேருந்து ரிப்போர்ட் வந்திருக்குக்கா" என்றாள். "அதெப்படி பாப்பா கலக்கும்?" என்றாள் பிலோமினா. அவ்வளவுதான் சொன்னாள். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்விதான் கேட்டாள். எட்டு நாளாக இந்த ஒரு ஓட்டையில்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இல்லையென்று சொல்லவில்லையே, கேள்விதானே கேட்டேன். "அதான், பிலோக்கா இருக்கறப்ப எப்படிக் கலக்கும்னு எழுதிப் போட்டேன்" என்று சபுரா முள்ளைத் துப்பினாள்.

முப்பத்து நாலா, முப்பத்தைந்தா. மணிக்கட்டின்மேல் என்னவோ ஊர்ந்தது. குப்பியிலிருந்து தப்பித்த ஈ ஒன்று, சிவப்புக் கண்ணோடு, கையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எந்தப் பெட்டி ஈயோ. பட்டென்று அடித்துவிட்டாள், அடித்தபிறகு உள்ளங்கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வழி தவறிய ஈயைப் பார்த்த இடத்தில் கொல்லவேண்டும், அது சட்டம். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சார் முதல் நாளே சொல்லிவிடுவார்: தலைமுறைக்கு ஒரே ஒரு ஈ அந்தப் பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்குப் போனாலும் போதும், காலப்போக்கில் இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் பிரியவே பிரியாது. ஒன்று போதும் என்கிறார். நூற்று இருபது போட்டால்? அதைச் சாரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டியவள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய பொங்கலன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் பெட்டியில் முந்நூற்றுச் சொச்சம் உயிரோடு இருந்தது, இன்னும் கொஞ்சம் சாகவேண்டும், நாலு மணிக்கு வந்து கூழ் கொடுத்துவிட்டால் சரியாக இருக்கும். விடுமுறை, கட்டடத்தில் ஈ காக்கை இல்லை, அதாவது காக்கை இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள், சர்க்கரைப் பொங்கல், வடை, அவரைக்காய்ப் பொரியல், இலையில் இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி. மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கூடத்தில் பாயில் சாய்ந்தாள். விசிறி நல்ல வேகம். எழுந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுப்பியிருக்கக் கூடாதா என்று புருஷனிடம் கத்தியதற்கு, "நல்லாத் தூங்குன, எழுப்ப மனசு வரல" என்றார் அவர், பாவம், அதைவிட அன்பாக அவர் எதையும் சொன்னதில்லை. பண்டிகை நாள், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. ஆட்டோவில் போயிருக்கலாம், போகவில்லை, ஒரு ராத்திரிதானே, பஞ்சம் தாங்குகிற சாதியாயிற்றே, தாங்கிவிடும் என்று படுத்துவிட்டாள், அன்றைக்கு மறுபடி தூக்கமும் வந்தது, அதுதான் அவளால் தாங்க முடியாதது, தூக்கம் நன்றாக வந்தது. காலையில் எட்டரைக்குக் கதவைத் திறந்தபோது மூன்றாம் பெட்டிக் குப்பிகளில் எல்லாமே அடியில் கிடந்தன. எள்ளைக் கொட்டியதுபோல. தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒன்பது பேர் நகர்ந்தார்கள். ஈயைப் பேர் என்று சொல்கிற ஒரே ஆள் உலகத்திலேயே அவள்தான் என்று சபுரா கிண்டல் செய்வாள். ஒன்பது பேர்.

செத்தால் செத்தது என்று எழுது, அதுவும் ஒரு விடைதான் என்று சார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் செத்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் தூங்கிவிட்டேன் என்று எழுதவேண்டும். சார் திட்டமாட்டார். திட்டினால் பரவாயில்லை. ஒருமுறை ஆராய்ச்சி மாணவன் ஒருவன் முட்டைத் தட்டைக் கீழே போட்டபோது சார் வாயைத் திறக்கவில்லை, அதன்பிறகு அவன் கையில் ஒரு தட்டையும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான், அவன் படிப்பு முடித்துப் போகிறவரை கொடுக்கவில்லை. இந்தப் பிளேடை என் கையிலிருந்து வாங்கிவிடுவார் என்ற ஒரு நினைப்புத்தான் அன்றைக்கு அவளுக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. பக்கத்திலேயே நான்காம் பெட்டி, முதல் நாளே கூழ் கொடுத்தாயிற்று, இருநூற்றைம்பது பேர் கொழுத்துத் திரிகிறார்கள். பாதிக்குப் பாதி. நூற்று இருபதைத் தட்டி எடுத்து ஒன்பதோடு விட்டாள். அவர்களும் பட்டினியில் பிழைத்தவர்கள்தானே, ஒரே பாட்டன் பாட்டிக்குப் பிறந்தவர்கள்தானே, யாருக்கு என்ன நஷ்டம். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டி காலியாக இல்லை. அதன்பிறகு இருபத்தொன்பது தலைமுறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று யார் சொன்னது, சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம், தினம் ஒரு கரண்டி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாற்பத்தொன்று. இல்லை, இது வேறு கீற்று. ஒன்று.

கதவு திறந்தது. சபுரா வாசலிலேயே நின்றாள், கரும்பச்சைப் பட்டுச்சேலை, தோளில் மடிப்பு நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது, ஒரு கையில் மடிக்கணினி, பல்லில் கடித்த ஊக்கு.

"அக்கா, இதக் கொஞ்சம் குத்தி விடுங்க. சரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"இரு, கையில கூழு. துடைச்சிட்டு வாரேன். சாப்டியா?"

"எங்க எறங்குது? அத்தாவும் அம்மாவும் அறந்தாங்கிலேருந்து விடிகாலையே வந்துட்டாங்க. அத்தா முதல் வரிசைல போய் உக்காந்துட்டாரு, அது விஐபிக்குன்னு சொன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கிறாரு. அஞ்சு வருசமா ஊர்ல எல்லாருக்கும் பதில் சொல்லியிருக்கேன், இன்னைக்கு நான் உக்காரக் கூடாதான்னு கேக்குறாரு."

"உக்காரட்டும். அவரு உக்காராம வேற யாரு உக்காருவா." ஊக்கு சேலைக்குள் போக மறுத்தது, பட்டு வழுக்கியது. அந்தப் பெண்ணின் கழுத்தில் வியர்வை, பௌடர் வாசனை, உள்ளே நாடி படபடவென்று அடிப்பது விரலுக்குத் தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். முதுகுப் பக்கம் நிற்கிறேன், முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. சொல்லு. சொல்லேன்.

"அக்கா, நீங்களும் மேல வந்துடுங்க. முன்னாடியே உக்காருங்க. கலப்புப் பத்தி அவரு கட்டாயம் கேப்பாராம், சார் சொன்னாரு. கேட்டா உங்களக் கை காட்டிருவேன். பத்தொம்பது வருசமா இவங்கதான் பாத்துக்கிறாங்கன்னு சொல்லுவேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம், ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும்."

"எனக்கு மூணாம் பொட்டி பாக்கி இருக்கு பாப்பா."

"அரை மணி நேரத்துல ஒண்ணும் பொரிஞ்சுறாது. வாங்க." திரும்பி அவள் கன்னத்தைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கன்னத்தில் அந்த விரல்கள் இருந்த இடம் சூடாக இருந்தது.

தலையாட்டினால் போதும். ஆமாம், தலைதானே, எத்தனையோ தடவை ஆட்டியிருக்கிறது, கல்யாணத்துக்கு ஆட்டியிருக்கிறது, கோயிலில் ஆட்டியிருக்கிறது, நாத்தனார் சொன்னதற்கெல்லாம் ஆட்டியிருக்கிறது. கூடத்தில் ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இப்படி மேலும் கீழும். கழுத்து அசைவது ஒரு பாவமா. அவள் வெறும் அறையில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. நன்றாகவே ஆடியது, யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கப்புறம் சபுரா வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்கு வேலைக்குப் போவாள், போன இடத்தில் இதைத்தான் சொல்லுவாள், சொல்லச் சொல்ல யாராவது ஒருத்தன் நாமும் செய்து பார்ப்போமே என்று ஐந்து பெட்டி வைத்துப் பட்டினி போடுவான், அவனுக்கு வராது. மறுபடி செய்வான், வராது. அப்போது கேள்வி பிலோமினாவிடம் வராது, அவள் ஓய்வு பெற்று வீட்டில் விசிறியின் கீழே படுத்திருப்பாள். ஆய்வேட்டின் அட்டையில் சபுரா பெயர்தான் இருக்கிறது. புளுகு என்னுடையது, பெயர் அவளுடையது. அத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கை தட்டுவார், தெரியாமல் தட்டுவார். இல்லை, சும்மா இரு, ஒருவேளை அந்த ஒன்பது பேர்தான் ஜெயித்திருக்கலாம், எல்லாவற்றையும்விடத் தாங்கினவர்கள் அவர்கள்தானே, அந்த மாற்றம் அவர்களிடமே இருந்திருக்கலாம், இரண்டு பெட்டிக்கும் ஒரே விடை நிஜமாகவே வந்திருக்கலாம், ஏன் வரக் கூடாது. இந்த நினைப்பை அவள் இரண்டு வருஷமாக மடியில் வைத்து வளர்க்கிறாள். ஆனால் இப்போது லென்ஸில் கண்ணை வைத்தபோது அது தன்பாட்டுக்கு ஒரு கேள்வி கேட்டது: அந்த ஒன்பதில் பொட்டை எத்தனை? அவள் பார்க்கவில்லை. ஈயை ஆணா பெண்ணா என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடியவள் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. அவை ஒரு முட்டையாவது இட்டதா, கூழைத் தொட்டதா, அன்று சாயங்காலமே செத்துவிட்டதா, எதுவும் தெரியாது. லென்ஸின் கீழே கிடக்கிற இந்தக் கொம்பு முட்டைகள் யாருடைய பிள்ளைகள்? இருபத்தொன்பது தலைமுறையாக மூன்றாம் பெட்டி என்று கூழ் ஊட்டி வளர்த்தது யாரை? பிளேடு வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் கூழில் சொட்டியது. மணி பதினொன்று பத்து. அவள் முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், தட்டை மூடவில்லை, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள், ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் கத்தியது, கத்தட்டும்.

சபுரா கூடத்துக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் தனியாக நின்று வாய்க்குள் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, கலந்திருக்கு."

"என்னது?"

"மூணாம் பொட்டில நாலாம் பொட்டி கலந்திருக்கு. நாந்தான் கலந்தேன்."

சபுரா சிரிப்பதற்கு வாயைத் திறந்தாள். பிலோமினாவின் விரலில் ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போவது பிலோமினாவுக்குத் தெரிந்தது. அழுவாள், கத்துவாள், அறைவாள் என்று நினைத்தாள். அந்தப் பெண் வேறொன்று கேட்டாள்.

"எத்தனை?"

"நூத்தி இருபது. மூணுல ஒம்பதுதான் மிச்சம் இருந்துச்சு."

"எந்தத் தலைமுறை?"

"எம்பத்திரெண்டு."

சபுராவின் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறாள். கணக்கு வேகமாக முடிந்துவிட்டது. "அப்ப மூணாம் பொட்டி செத்து ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள். "ரெண்டும் ஒரே விடை சொல்லல. ரெண்டும் ஒண்ணேதான்."

"ஆமா."

"போன செவ்வாக்கிழம கேட்டேன்ல."

"கேட்ட."

"அது செத்த அன்னைக்கு என்னக்கா ஆச்சு? கரண்ட் போச்சா? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

எதையாவது பிடித்துக்கொள் என்று கயிறு நீட்டுகிறாள். பிடித்துக்கொள்ளலாம். புருஷனுக்கு நெஞ்சுவலி என்று சொல்லலாம், நாத்தனார் விழுந்துவிட்டாள் என்று சொல்லலாம், நாக்குநுனிவரை வந்துவிட்டது.

"சாப்ட்டுத் தூங்கிட்டேன் பாப்பா."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனே" என்றாள் சபுரா. பட்டு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, மை கலைந்ததைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பிலோமினா கடைசி வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். கூடம் சில்லென்று இருந்தது, நெற்றியில் வியர்த்தது. முதல் வரிசையில் வெள்ளைத் தொப்பி வைத்த தலை ஒன்று நிமிர்ந்து இருந்தது, அதுதான் அத்தாவாக இருக்கவேண்டும். பக்கத்தில் சார். வணக்கம் சொன்னார்கள், குத்துவிளக்கைப் பற்றி யாரோ பேசினார்கள், ஒலிபெருக்கி கீச்சென்றது. இப்போதுகூடச் சபுரா ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். அவளுக்கு உரிமை உண்டு. அவளுடைய ஐந்து வருஷம், அவளுடைய அத்தா. அப்படி விட்டுவிட்டால் நன்றாக இருக்குமே என்று பிலோமினாவின் மனசு வெட்கமே இல்லாமல் கேட்டது, சொன்னதும் ஆயிற்று தப்பித்ததும் ஆயிற்று என்று. திரையில் ஐந்து பெட்டிப் படம் வந்தது. சபுரா மைக்குக்கு அருகே வந்தாள்.

"ஆய்வேட்டில் ஐந்து கூட்டங்கள் என்று எழுதியிருக்கிறேன்" என்றாள். "அது தவறு. நான்குதான். எண்பத்திரண்டாம் தலைமுறையில் மூன்றாவது அழிந்துவிட்டது, அதன் இடத்தில் நான்காவதன் ஈக்கள் விடப்பட்டிருக்கின்றன. என்னுடைய முக்கிய முடிவு நிற்காது. எது நிற்கும், எது நிற்காது என்று இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்."

சாரின் முதுகு அசையவில்லை. வெள்ளைத் தொப்பி இடமும் வலமும் திரும்பியது, என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்பதுபோல. தேர்வாளர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"கால் மணி நேரத்துக்கு முன்னால், சார்."

"யார் சொன்னார்கள்? யார் செய்தது?"

சபுராவின் கை மைக்கின் கம்பத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கை அங்கேயே இருந்தது. அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை, கை காட்டவும் இல்லை. "பதிவுகளைப் பார்த்து எழுத்தில் தருகிறேன் சார்" என்றாள்.

பதிவில் எதுவும் இல்லை என்பது அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பிலோமினா எழுந்தாள். முழங்கால் முன் நாற்காலியில் இடித்துச் சத்தம் கேட்டது, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், கடைசியில் சாரும் திரும்பினார்.

"நாந்தான் சார்" என்றாள். "நான் தூங்கிட்டேன்."